ஒரே மாட்டுத் தலை, இரண்டு எழுத்துகள்: சீனமும் எபிரேயமும் வந்த வழி

சீன எழுத்தும் எபிரேய எழுத்தும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் புழங்கி வருகின்றன என்கிறார்களே, அது உண்மையா, இரண்டில் எது பழையது என்பது கேள்வி. "மாறாமல்" என்ற சொல்லை நீக்கிவிட்டால் பாதி உண்மை. சீனர்கள் எழுத்தின் உருவத்தைப் பலமுறை மாற்றினார்கள். ஆனால் அந்த எழுத்துமுறையைக் கைவிடவே இல்லை. யூதர்களோ தங்கள் முன்னோர் எழுதிய எழுத்தை ஒரு கட்டத்தில் ஒதுக்கிவிட்டு, அண்டை மொழியின் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 22 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கையும் அதன் வரிசையையும், அதில் எழுதிய நூலையும் விடவில்லை. இரண்டுமே தொடர்ச்சிதான் என்றாலும் எதில் தொடர்ச்சி என்று கேட்டால் விடை வேறாகிறது.

இந்த வேறுபாட்டை ஒரு மாட்டுத் தலையிலிருந்து தொடங்கி விளக்குவது எளிது. சினாய் தீபகற்பத்தில் செராபித் எல் காதிம் என்ற மலைப்பகுதியில் எகிப்தியர்கள் நீலப்பச்சைக் கல் வெட்டியெடுத்த சுரங்கங்கள் இருந்தன. அங்கே 1905இல் ஆங்கில அகழாய்வாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அகழாய்வு செய்தபோது, எகிப்தியச் சித்திர எழுத்தைப் போலத் தோன்றினாலும் எகிப்திய மொழியாகப் படிக்க முடியாத சில கீறல்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஒரு சிறு சிலையின்மேல் இருந்தது. 1916இல் எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினர் அதிலுள்ள நான்கு குறிகளை "பாலத்", அதாவது "தலைவி" என்று படித்தார். அந்தச் சுரங்கங்களின் காவல் தெய்வத்தைச் செமித்திய மொழி, அதாவது எபிரேயமும் அரபும் சேர்ந்த குடும்பத்து மொழி, பேசியவர்கள் அப்பெயரால் அழைத்தார்கள். வீட்டின் படத்தை "வீடு" என்று படிக்காமல், வீட்டுக்குரிய "பேத்" என்ற சொல்லின் முதல் ஒலியான ப-வாக மட்டும் படித்ததுதான் திறவுகோல். அவ்வகையில் மாட்டுத் தலை, மாட்டுக்குரிய "ஆல்ஃப்" என்ற சொல்லின் முதல் ஒலியைக் குறித்தது. கி.மு. 1800ஐ ஒட்டிய இந்தக் குறிகளிலிருந்து கானானிய எழுத்தும், அதிலிருந்து ஃபினீசிய எழுத்தும், எபிரேயமும், அரமேயமும், கிரேக்கமும் வந்தன. எபிரேய நெடுங்கணக்கின் முதல் எழுத்துக்கு இன்றும் பெயர் ஆலெஃப்.

இப்போது சீனாவுக்கு வருவோம். ஹெனான் மாகாணத்தில் ஆன்யாங் என்ற ஊருக்கு அருகே ஷாங் அரசின் கடைசித் தலைநகரம் இருந்தது. அங்கே மண்ணில் கிடைத்த பழைய எலும்புகளை "நாக எலும்பு" என்று மருந்துக் கடைகளில் இடித்து விற்றார்கள். 1899இல் வாங் யிரோங் என்ற பெய்ஜிங் அதிகாரி அவற்றில் எழுத்து இருப்பதைக் கவனித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன் பிறகு ஆமையின் அடிவயிற்று ஓடுகளிலும் மாட்டின் தோள்பட்டை எலும்புகளிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வெளிப்பட்டன. அரசன் வூ திங் காலத்தைச் சேர்ந்தவை, அதாவது கி.மு. 1250ஐ ஒட்டியவை, அவற்றுள் மூத்தவை. இந்த எலும்புகளிலும் மாட்டுத் தலை இருக்கிறது: மேல்நோக்கி வளைந்த இரு கொம்பும் கீழே ஒரு கோடும். ஆனால் அது எந்த ஒலியின் தலைப்பும் அன்று. "மாடு" என்ற முழுச் சொல்லையே குறித்தது. இன்றைய சீனத்தில் அதை "நியூ" என்று படிக்கிறார்கள். ஒரு கொம்பு சுருங்கிப்போன அதே உருவத்தைத்தான் இன்றைய பள்ளிப் பிள்ளைகளும் எழுதிப் பழகுகிறார்கள்.

அந்த எலும்புகளில் என்ன எழுதினார்கள் என்பதற்கு ஒன்றைக் காட்டலாம். ஓட்டின் பின்புறம் குழி தோண்டி அதில் சூட்டுக்கோலை வைப்பார்கள். முன்புறம் விரிசல் விழும். அரசன் அந்த விரிசலைப் பார்த்துக் குறி சொல்வான். வூ திங்கின் மனைவியருள் ஒருத்தியான ஃபூ ஹாவ் பிள்ளை பெறப்போகிறாள், நலமாக இருக்குமா என்று ஓர் ஓட்டில் கேள்வி இருக்கிறது. "திங்" நாளில் பிறந்தால் நல்லது, "கெங்" நாளில் பிறந்தால் மிக நல்லது என்கிறான் அரசன்; இவை பத்து நாள் சுழற்சியின் நாட்பெயர்கள். 31 நாள் கழித்து வேறொரு நாளில் பிள்ளை பிறந்தது; "நல்லதன்று, பெண்" என்று அதே ஓட்டில் முடிவையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஃபூ ஹாவின் கல்லறை 1976இல் கொள்ளை போகாமல் கிடைத்தது; படை நடத்திய பெண் அவள் என்பதை எலும்புகளே சொல்கின்றன. இந்த எழுத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வெவ்வேறு குறிகள் இருப்பதால், சீன எழுத்தின் குழந்தைப் பருவத்தை நாம் பார்க்கவில்லை, வளர்ந்த நிலையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே எது பழையது என்ற கேள்விக்கு, எதை எபிரேய எழுத்து என்று கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை. சினாய்க் கீறல்களைக் கணக்கில் கொண்டால் அவை ஆன்யாங்கைவிட ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு மூத்தவை. ஆனால் அவை எபிரேய மொழி அல்ல. எபிரேயத்துக்கே உரியதென்று அடையாளம் காணத்தக்க எழுத்து கி.மு. பத்தாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில்தான் உருவாகிறது. அப்படிப் பார்த்தால் சீனம் மூத்தது. இந்தப் போட்டியில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒரே மாட்டுத் தலையை வைத்துக்கொண்டு இரு பக்கமும் ஏன் வெவ்வேறு முடிவுக்கு வந்தார்கள் என்பதே மேலான கேள்வி.

சீன எழுத்தைச் "சித்திர எழுத்து" என்று தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது, அது தவறு. சீனர்களும் ஒலியைத்தான் நாடினார்கள். "வா" என்ற வினையைப் படமாக வரைய முடியாது. அதே ஒலியுடைய சொல் ஒன்று கோதுமையைக் குறித்ததால், கோதுமைக் கதிரின் படத்தைக் கடன் வாங்கி வினைக்கு எழுதினார்கள். இன்று "லாய்" என்று படிக்கப்படும் அந்த எழுத்து வருவதை மட்டுமே குறிக்கிறது. கோதுமைக்கு வேறு எழுத்து. இப்படிக் கடன் வாங்கி வாங்கி ஒரே குறிக்குப் பல பொருள் சேர்ந்தபோது, குழப்பத்தைத் தீர்க்கப் பக்கத்தில் ஒரு பொருட்குறியைச் சேர்த்தார்கள். குதிரைக்கு "மா" என்று பெயர். அதன் பக்கத்தில் பெண்ணின் குறியைச் சேர்த்தால் அது அம்மாவைக் குறிக்கும் "மா". இங்கே குதிரைக்கும் தாய்க்கும் எந்த உறவும் இல்லை. குதிரையின் குறி ஒலியைக் கொடுக்கிறது, பெண்ணின் குறி பொருளின் இனத்தைக் காட்டுகிறது. சீன எழுத்துகளில் பத்தில் எட்டுக்கு மேல் இப்படிப்பட்ட இணைப்புகளே. செமித்தியர் படத்திலிருந்து முதல் ஒலியை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு படத்தை மறந்தார்கள் என்றால், சீனர்கள் முழு அசையையும் எடுத்துக்கொண்டு, பொருளையும் கூடவே வைத்துக்கொண்டார்கள்.

இதில் மொழியின் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய சீனத்தில் சொற்கள் பெரும்பாலும் ஓரசையானவை. இலக்கணத்துக்காக வடிவம் மாறுவது குறைவு. ஒத்த ஒலியுடைய சொற்கள் மிகுதி. ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்பது அங்கே இயல்பாகப் பொருந்தியது. எபிரேயத்தில் பொருளைத் தாங்குவது பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேர். உயிரொலிகள் அதற்குள் புகுந்து சொல்லை மாற்றும். ஸ, ப, ர என்ற மூன்று மெய்களை எழுதினால் அதை ஸேஃபர் என்று படித்து நூல் எனலாம், ஸோஃபர் என்று படித்து எழுத்தர் எனலாம், ஸாஃபர் என்று படித்து எண்ணினான் எனலாம், ஸப்பார் என்று படித்து முடிதிருத்துபவர் எனலாம். எது என்பதை வாக்கியம் தெரிந்தவர் தானாகக் கண்டுகொள்வார். மெய்யை மட்டும் எழுதுவது தமிழருக்குக் குறைபாடாகத் தோன்றும். அந்த மொழி பேசுவோருக்கு அது வேரைக் கண்முன் நிறுத்தும் வசதி. இருந்தாலும் மொழியமைப்பே விதி என்று நான் சொல்லமாட்டேன்: மத்திய ஆசியாவின் துங்கான் முஸ்லிம்கள் பேசுவது சீனத்தின் ஒரு கிளைமொழி, அதை அவர்கள் ரஷ்ய எழுத்தில் எழுதிச் செய்தித்தாளே நடத்தியிருக்கிறார்கள்.

எபிரேயர் முதலில் எழுதிய எழுத்து இன்று நாம் காணும் சதுர எழுத்து அன்று. அதற்குச் சிறந்த சான்று எருசலேமின் சீலோவாம் கல்வெட்டு. யூதா நாட்டு அரசன் எசேக்கியாவின் காலத்தில், கி.மு. 700ஐ ஒட்டி, ஊற்று நீரை நகருக்குள் கொண்டுவர 533 மீட்டர் நீளச் சுரங்கத்தை இரு முனையிலிருந்தும் குடைந்தார்கள். மூன்று முழம் எஞ்சியிருந்தபோது ஒரு பக்கத்துக் கல்வெட்டியின் குரல் மறுபக்கத்துக்குக் கேட்டதையும், கோடரியோடு கோடரி மோத இரு குழுவும் சந்தித்ததையும், தண்ணீர் 1,200 முழம் ஓடியதையும் அந்தக் கல்வெட்டு ஆறு வரியில் சொல்கிறது. 1880இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய எருசலேமில் படித்த ஒருவரை அதன்முன் நிறுத்தினால் ஓர் எழுத்தும் பிடிபடாது; அதையே இன்றைய எழுத்தில் பெயர்த்துக் கொடுத்தால் பெரும்பகுதியைப் புரிந்துகொள்வார். சீனாவில் நிலைமை நேர்மாறு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் காலக் கல்வெட்டின் எழுத்துகளை, கல்வியறிவுள்ள இன்றைய சீனர் ஒருவர் பெரிய சிரமமின்றி அடையாளம் காண்பார். ஆனால் அதைச் செதுக்கியவர் உயிர்த்தெழுந்து வாய்விட்டுப் படித்தால் ஒரு சொல்லும் விளங்காது.

யூதர்களின் எழுத்து மாற்றம் எந்த அரசாணையாலும் வந்ததன்று. கி.மு. 586இல் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. மேல்தட்டினர் நாடு கடத்தப்பட்டார்கள். அடுத்து வந்த பாரசீகப் பேரரசு, எகிப்து முதல் இந்தியாவின் எல்லை வரை அரமேய மொழியிலும் எழுத்திலும் நிர்வாகம் நடத்தியது. கடிதம், கடன் பத்திரம், திருமண ஒப்பந்தம் எல்லாம் அரமேயத்தில் எழுதிப் பழகியவர்கள் நாளடைவில் எபிரேயத்தையும் அதே எழுத்தில் எழுதினார்கள். அதிலிருந்து செதுக்கி எடுத்ததுதான் இன்றைய சதுர எழுத்து; யூத மரபு அதை "அஷூரி", அதாவது அசீரிய எழுத்து என்றே அழைக்கிறது. தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், முதலில் எபிரேய எழுத்தில் கொடுக்கப்பட்டது, வேத அறிஞர் எஸ்றாவின் காலத்தில் அசீரிய எழுத்தில் மீண்டும் கொடுக்கப்பட்டது, இஸ்ரவேலர் தங்களுக்கு அசீரிய எழுத்தையும் புனித மொழியையும் தேர்ந்துகொண்டார்கள் என்று யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் ஒரு பகுதி ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது. தங்கள் வேதத்தின் எழுத்து வெளியிலிருந்து வந்தது என்பதை ஒரு சமயம் தன் நூலிலேயே பதிந்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

இந்த மாற்றத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு சான்றும் உண்டு. நியாயப்பிரமாணத்தில் ஒரு சிறு எழுத்தாகிலும் ஒழிந்துபோகாது என்று மத்தேயு நற்செய்தியில் வருகிறது. அங்கே குறிக்கப்படும் சிறு எழுத்து "யோத்". சதுர எழுத்தில் யோத் ஒரு காற்புள்ளி அளவே இருக்கும். பழைய எபிரேய எழுத்தில் அது மற்றவற்றுக்கு நிகரான உருவம். ஆகவே அந்த வாசகம் பிறந்த காலத்தில் மக்கள் கண்ணுக்குப் பழகியிருந்தது புதிய எழுத்துத்தான். பழையது உடனே மறையவும் இல்லை. சாக்கடல் கரைக் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்களுள் சிலவற்றில் வாக்கியம் முழுதும் சதுர எழுத்தில் ஓடிக்கொண்டிருக்க, கடவுளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் பழைய எழுத்து வருகிறது. ரோமருக்கு எதிராக கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கொக்பா கிளர்ச்சியின் நாணயங்களிலும் பழைய எழுத்தே. தோராவை மட்டுமே வேதமாகக் கொண்ட சிறு சமூகமான சமாரியர்கள் அதன் வழிவந்த எழுத்தில் இன்றுவரை தங்கள் தோராவை எழுதுகிறார்கள். இஸ்ரேலின் ஒரு ஷெக்கெல் நாணயத்தில் லில்லிப் பூவின் பக்கத்தில் உள்ள மூன்று எழுத்துகளும் அதுவே. அன்றாடம் அதைக் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு கதை.

சீனாவில் மாற்றம் அரண்மனையிலிருந்து வந்ததாகப் பாடநூல்கள் சொல்லும். கி.மு. 221இல் சின் நாட்டு அரசன் போட்டி நாடுகள் அனைத்தையும் வென்று முதல் பேரரசனானபோது, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருந்த எழுத்துருவங்களை அமைச்சர் லீ சி ஒழுங்குபடுத்தி, முத்திரை எழுத்தைத் தரமாக நிறுவினார் என்பது உண்மையே. ஆனால் மெய்யான புரட்சியைச் செய்தவர்கள் எழுத்தர்கள். 1975இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுயிஹுதி என்ற இடத்தில் சின் காலத்துக் கீழ்நிலை அதிகாரி ஒருவரின் கல்லறை திறக்கப்பட்டது; பெயர் ஷி. அவர் உடலைச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் பட்டைகள். எல்லாம் சட்டமும் விசாரணை முறையும் நல்ல நாள் பார்க்கும் குறிப்பும். அவற்றில் முத்திரை எழுத்தின் வளைவுகள் ஏற்கெனவே நேர்கோடுகளாக முறிந்துவிட்டன. மூங்கிலின் குறுகிய பரப்பில் தூரிகையால் விரைந்து எழுதுபவருக்கு வளைவு வரைய நேரமில்லை. இந்த அலுவலக எழுத்துத்தான் ஹான் காலத்தில் ஊன்றி, பின்னர் செந்தர எழுத்தாகி இன்றைய அச்சு வரை வந்தது. படம் கோடாக உடைந்த இடம் அதுதான். அதன் பிறகு மாடு மாடுபோல் இல்லை. எழுத்தின் பழைய காரணம் மறந்துபோகிறதே என்றுதான் அறிஞர் ஷூ ஷென் கி.பி. 100இல் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின்கீழ் பிரித்து அகராதி செய்தார். எலும்புகளைக் கண்ணாலும் கண்டிராத அவர் ஊகித்த விளக்கங்களில் பல ஆன்யாங் கண்டுபிடிப்புக்குப் பின் பொய்த்துப்போயின. அது அவர் குற்றமன்று.

இரு எழுத்தும் ஒலியை முழுதாகச் சொல்லாதவை என்பதால் இரண்டுக்கும் பக்கத் துணை தேவைப்பட்டது. கி.பி. 601இல் தொகுக்கப்பட்ட சீன எதுகை அகராதி, தெரியாத எழுத்தைத் தெரிந்த இரண்டால் ஒலித்துக் காட்டியது. கிழக்கைக் குறிக்கும் "தோங்" என்பதற்கு "தே", "ஹோங்" என்ற இரண்டைக் கொடுப்பார்கள். முதலாவதன் முதலொலியையும் இரண்டாவதன் ஈற்றொலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எபிரேயத்தில் கலிலேயக் கடற்கரை ஊரான திபேரியாவின் மசோரேத்தர்கள் என்ற வேதப்பாட அறிஞர்கள், ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை உழைத்து, மெய்யெழுத்தின் மேலும் கீழும் உள்ளும் இடும் புள்ளி, கோடுகளால் உயிரொலியையும் ஓதும் இசையையும் குறித்தார்கள். ஒரு மெய்யைக்கூட இடம் பெயர்க்காமல், கூட்டாமல், குறைக்காமல் இதைச் செய்தது பெரும் சாதனை. அப்படியும் தொழுகைக் கூடத்தில் ஓதும் தோராச் சுருளுக்குள் அந்தப் புள்ளிகள் நுழையவில்லை. அதில் 304,805 எழுத்துகள், ஓர் எழுத்து பிழைத்தாலும் திருத்தும்வரை சுருள் ஓதத் தகுதியற்றது.

இருபதாம் நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டையும் ரோமன் எழுத்துக்கு மாற்ற வேண்டும் என்ற குரல் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தது. பேச்சு எபிரேயத்தை மீட்டெடுத்த எலியேசர் பென் யெஹூதாவின் மகனே ரோமன் எழுத்தில் எபிரேயத்தை அச்சிட்டுப் பார்த்தார், யாரும் பின்தொடரவில்லை. சீனா 1956இல் எழுத்துகளை எளிமைப்படுத்தியது, 1958இல் பின்யின் என்ற ரோமன் ஒலிக்குறியைத் துணையாக ஏற்றது. 1977இல் வந்த இரண்டாம் எளிமையாக்கம் மக்களிடம் எடுபடாமல் 1986இல் திரும்பப் பெறப்பட்டது. தைவானும் ஹாங்காங்கும் பழைய உருவங்களையே வைத்துக்கொண்டன.

இந்த இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த இடங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1901இல் அகழாய்வாளர் ஆரல் ஸ்டைன் மேற்குச் சீனாவின் தக்லமக்கான் பாலைவனத்தின் தந்தான் ஒய்லிக் பகுதியில் எட்டாம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றைக் கண்டெடுத்தார். மொழி பாரசீகம், எழுத்து எபிரேயம், தாள் சீனத்துத் தாள். தமிழ் எழுத்தும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை: வட்டெழுத்தில் எழுதிய கி.பி. 849இன் கொல்லம் செப்பேட்டில் சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இலங்கையின் காலி நகரில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒன்றாக நிற்கின்றன. பெய்ஜிங் அரண்மனையின் பெயர்ப் பலகைகள் பலவற்றில் சீன எழுத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் மஞ்சு எழுத்தும், சிரியம், சோக்தியம், உய்குர், மங்கோலியம் என்று கை மாறி வந்த அரமேயத்தின் பேரப்பிள்ளைதான். அதாவது சதுர எபிரேயத்துக்கு உறவு.

எல்லாவற்றையும்விட நெருக்கமான சந்திப்பு, ஆன்யாங் இருக்கும் அதே ஹெனான் மாகாணத்தின் கைஃபெங் நகரில் நடந்தது. அங்கே 1163இல் யூதர்கள் தொழுகைக் கூடம் கட்டினார்கள் என்று அவர்களே 1489இல் நிறுத்திய கல் சொல்கிறது. ஆபிரகாம் முதலான முன்னோரின் வரலாற்றைச் சொல்லும் அந்தக் கல் முழுவதும் சீன எழுத்து. பதினேழாம் நூற்றாண்டில் அவர்கள் வைத்திருந்த இறந்தோர் பெயரேட்டில் எபிரேயப் பெயர்களும் சீனப் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. கடைசி ரப்பி, அதாவது யூதக் குரு, இறந்தபின் எபிரேயம் படிக்க ஆளில்லாமல் போயிற்று. வெள்ளமும் வறுமையும் கூடத்தைச் சிதைத்தன. 1850, 1851இல் கிறிஸ்தவ மிஷனின் ஆட்கள் வந்தபோது, தங்களால் படிக்க முடியாத தோராச் சுருள்களை அவ்வூர் யூதர்கள் விற்றுவிட்டார்கள். சுருள்கள் லண்டனுக்கும் பிற ஊர்களுக்கும் போயின. சீனக் கல்லோ ஊரிலேயே நின்றது.